நிற்க முடியாத தலைச்சுற்று



நம் பங்கில் சில மாதங்களாக ஒரு கதை உலவுகிறது. நோயுற்ற ஒருவரின் வீட்டுக்கு நான் சென்றதாலும், அவரை எழுப்பி உட்காரவைத்துப் பார்த்ததாலும், உடனே அம்புலன்சை அழைத்ததாலும் அவர் உயிர் தப்பினார் என்பது அந்தக் கதை. திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போது சிலர் என் கையைப் பற்றி நன்றி சொல்கிறார்கள். அந்தக் கதையில் பாதி மட்டுமே உண்மை. மீதிப் பாதியை நீங்கள் அறியவேண்டும் என்பதற்காகவே இன்று எழுதுகிறேன். அதை அறிந்தால் உங்கள் வீட்டில் ஓர் உயிர் காக்கப்படலாம்.

சம்பந்தப்பட்ட குடும்பத்தினர் இதனை வாசித்துச் சம்மதம் தெரிவித்த பின்னரே வெளியிடுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் வைத்தியன் அல்லன். மருத்துவம் பற்றி இங்கே சொல்பவை, அன்று வைத்தியர்கள் எங்களுக்கு விளக்கியவையும், பின்னர் நான் தேடி வாசித்து அறிந்தவையுமே.

கடந்த நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்து மணித் திருப்பலிக்கு இன்னும் இருபது நிமிடங்கள் இருந்தன. திருவுடை அணியும் நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் வசிக்கும் குடும்பத்தின் மகள் பேசினார்.

"சுவாமி, அப்பா பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டவர். திடீரெண்டு தலை சுத்துதெண்டு சொல்லி அப்பிடியே கட்டில்ல சாஞ்சிட்டார். ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டார். பிடரிப் பக்கம் இடிக்குதாம். உங்களை ஒருக்கா வந்து செபிக்கச் சொல்லிக் கேக்கிறார்."

சில மாதங்களுக்கு முன்னர்தான் நம் மண்டபத்தில் பக்கவாதம் பற்றிய கருத்தரங்கு ஒன்று நடந்திருந்தது. முகம், கை, பேச்சு என்னும் மூன்றையும் பார்க்கவேண்டும் என்று அங்கே கற்றிருந்தேன். கற்றதைப் பயன்படுத்தினேன்.

"வாய் கோணியிருக்கோ? கை ரெண்டையும் தூக்கச் சொல்லிப் பாத்தீங்களோ?"

"வாய் கோணேல்லை சுவாமி. ரெண்டு கையையும் நல்லாத் தூக்கிக் காட்டினவர். என்ர கையை இறுக்கிப் பிடிச்சவர். கதை மட்டும் கொஞ்சம் இழுக்குது. சத்தி எடுத்த களைப்பாக்கும்."

"அப்ப பயப்பிடாதையுங்கோ. காதுக்குள்ள ஏதும் பிரச்சினையாயிருக்கும். படுக்க விடுங்கோ. பூசை முடிஞ்ச உடன வாறன்."

இதுதான் நீங்கள் அறியாத பாதி. அந்தப் பிள்ளை அம்புலன்சை அழைப்பதா, வேண்டாமா என்ற தயக்கத்தில்தான் என்னை அழைத்திருந்தார். "பயப்பிடாதையுங்கோ" என்ற என் சொல் அந்தத் தயக்கத்துக்கு முடிவு கட்டிவிட்டது. "கதை இழுக்குது" என்று அவர் சொன்னதை என் காது கேட்டது, மனம் கேட்கவில்லை. மூன்றில் இரண்டு சரியாக இருக்கிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அன்று பீடத்தில் நோயாளருக்கான மன்றாட்டில் அவருடைய பெயரையும் சேர்த்துச் சொன்னேன். செபித்த நேரத்தில் அம்புலன்ஸ் போயிருக்கலாம்.

திருப்பலிக்குப் பின்னர் இரண்டு பேருடன் பேசி, ஒரு குழந்தைக்கு ஆசீர் வழங்கி, நான் அந்த வீட்டை அடைந்தபோது மணி பன்னிரண்டே கால். அவர் கண்களை மூடிப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பற்றினார்; பிடியில் பலம் குறையவில்லை. நற்கருணை வாங்குவதற்காக அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைக்க முயன்றோம். அப்போதுதான் நான் திடுக்கிட்டேன். காலிலும் கையிலும் பலம் இருந்த அந்த மனிதரால் உட்கார முடியவில்லை. வெறியேறியவரைப் போல ஒரே பக்கமாகச் சரிந்தார். நிமிர்த்தினோம்; மீண்டும் அதே பக்கம் சரிந்தார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வாழ்நாளில் மதுவைத் தொடாதவர் அவர். மகள் 911 ஐ அழைத்தார்.

வைத்தியசாலையில் குருதி அமுக்கம் 214 க்கு 110 என்று காட்டியது. "பிறசர் இப்ப சரியா வந்திட்டுது" என்று சொல்லி, ஒரு மாதமாக அவர் மாத்திரைகளை நிறுத்தியிருந்தார் என்பது அப்போதுதான் மனைவிக்கும் தெரியவந்தது. சற்று நேரத்தில் சி.டி. ஸ்கான் எடுத்தார்கள். வைத்தியர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறமான மூளையின் பின்பக்கத்தில், கீழே, வெள்ளையாக ஒரு திட்டு. "சிறுமூளைக்குள் குருதி கசிந்திருக்கிறது" என்றார்.

சிறுமூளை பிடரிக்குள்ளே, பெருமூளையின் பின்பகுதிக்குக் கீழே இருக்கிறது. மூளையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனால் மூளையின் நரம்புக்கலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை அதற்குள்ளேயே உள்ளன. அது தசைகளுக்குப் பலம் கொடுப்பதில்லை. இருக்கும் பலத்தை ஒழுங்குபடுத்துகிறது: நிற்கும்போது சமநிலை, நடக்கும்போது அடியின் அளவு, பேசும்போது நாவின் ஒத்திசைவு. ஆகவேதான் பெருமூளையில் குருதி கசியும்போது கையும் காலும் விழுந்துவிடுவதைப் போல, இங்கே விழுவதில்லை. கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். முகமும் கோணாதிருக்கலாம். படுத்திருக்கும்வரை, பார்ப்பவருக்கு வெறும் தலைச்சுற்றுக்காரராகவே தெரிவார். திடீரென வரும் பிடரி வலி, வாந்தி, தலைச்சுற்று, குழறும் பேச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கவோ நடக்கவோ இயலாமை ஆகியவையே இதன் அடையாளங்கள். நான் தொலைபேசியில் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: "அவர் எழும்பி நிக்கிறாரோ?"

பின்னர் இதைப் பற்றி வாசித்தபோது, நம் ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயர் எனக்குத் தெரியவந்தது. சி. மில்லர் ஃபிஷர் 1913 இல் வாட்டர்லூவில் பிறந்து, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை வைத்தியராகச் சென்று, கப்பல் மூழ்கடிக்கப்பட்டு, ஜேர்மனியரிடம் சில ஆண்டுகள் கைதியாக இருந்தார். பின்னர் பொஸ்ரன் நகரில் பணியாற்றிய காலத்தில், 1965 இல், தம் சகாக்களுடன் சேர்ந்து சிறுமூளைக் குருதிக்கசிவைக் கண்டறிவது பற்றியும் சத்திரசிகிச்சை பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கான் எடுக்கப்பட்டது 1971 இல், லண்டனில். அதாவது, மூளைக்குள் இருப்பதைப் படமாகக் காட்டும் கருவி வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, கட்டிலருகே நின்று கவனமாகப் பார்த்து இந்நோயை இனங்காண முடியும் என்று அவர்கள் எழுதினார்கள். வாந்தி, நிற்கவும் நடக்கவும் இயலாமை, ஒரு பக்கமாகப் பார்வையைத் திருப்ப இயலாமை, ஆனால் கைகால்களில் வாதம் இல்லாமை என்பவற்றை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும், அவசரசிகிச்சைப் பிரிவில் தலைச்சுற்றுடன் வருபவரை நடக்கச் சொல்லிப் பார்ப்பது பரிசோதனையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

இந்நோய்க்கு ஏன் இவ்வளவு அவசரம்? வைத்தியர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். சிறுமூளை இருக்கும் இடம் மிகவும் ஒடுக்கமானது. கீழும் பின்னும் எலும்பு. மேலே உறுதியான ஒரு சவ்வு. அதற்கு நேர் முன்னால் மூளைத்தண்டு. மூச்சையும் விழிப்பையும் காப்பது அதுவே. இரண்டுக்கும் நடுவே, மூளைநீர் வழிந்தோடும் சிறிய அறை ஒன்று உண்டு. குருதிக்கட்டி பெருத்தால் அந்த அறை அடைபடும். நீர் வெளியேற வழியின்றி மேலே தேங்கி, மூளையை உள்ளிருந்து அழுத்தும். கட்டி முன்னோக்கித் தள்ளினால் மூளைத்தண்டு நசுங்கும். சற்று முன்னர் பேசிக்கொண்டிருந்தவர் சிறிது நேரத்தில் நினைவிழப்பார். பொதுவாக 15 மில்லிலீற்றரோ அதற்கு மேலோ குருதி கட்டியிருந்தால், அல்லது மூளைத்தண்டு அழுத்தப்பட்டோ நீர் தேங்கியோ நோயாளியின் நிலை மோசமானால், தாமதியாமல் சத்திரசிகிச்சை செய்து கட்டியை அகற்றவேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல். 15 மில்லிலீற்றர் என்பது நம் சமையலறையில் உள்ள ஒரு மேசைக்கரண்டி அளவு.

எங்கள் கண் முன்னாலேயே அது நடந்தது. வைத்தியசாலைக்குள் நுழையும்போது தன் பிறந்த திகதியைச் சரியாகச் சொன்னவர், ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தாலும் கண் திறக்காத நிலைக்குச் சென்றார். குருதி அமுக்கத்தை 140 அளவுக்கு மெல்ல இறக்குவதற்கான மருந்து நாளத்தின் வழியே ஏறிக்கொண்டிருந்தது. குருதியை ஐதாக்கும் மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து கேட்டார்கள். வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவராயின், அதன் விளைவை முறிக்கும் மருந்தை உடனே கொடுத்தாகவேண்டுமாம். நல்ல வேளையாக அவர் எடுக்கவில்லை. மூச்சுக்குழாய் பொருத்தி, நரம்பியல் சத்திரசிகிச்சை வசதியுள்ள வேறொரு வைத்தியசாலைக்கு அனுப்ப ஆயத்தமானார்கள். அந்த நடைபாதையில், சில்லுக் கட்டிலுடன் கூடவே நடந்துகொண்டு, நோயிற்பூசுதல் அளித்தேன். என் விரல் நடுங்கியது. என் உள்ளத்தில் இருந்தது செபம் மட்டுமல்ல; பத்து மணிக்கும் பன்னிரண்டே காலுக்கும் இடைப்பட்ட நேரமும் இருந்தது.

அடுத்த வைத்தியசாலையில் முடிவெடுக்கவேண்டிய வேளை வந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் ஒளிவுமறைவின்றிப் பேசினார். பிடரியின் கீழ்ப்பகுதியில் எலும்பைத் திறந்து, கட்டியை அகற்றி, தேங்கிய நீரை வெளியேற்ற ஒரு குழாயும் வைக்கவேண்டும். இவ்வளவு பெரிய கட்டியை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் வைப்பது போதாது. செய்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்புக் கூடும். ஆனால் பிழைத்தபின் எப்படி இருப்பார், தானாக நடப்பாரா என்பதற்கு உறுதி தரமுடியாது.

மனைவி என்னைப் பார்த்தார். "சுவாமி, தன்ர தாய் மெஷினில கிடந்து போனதைப் பாத்திட்டு, தன்னை அப்பிடி விடவேண்டாமெண்டு சொன்னவர். நான் என்ன செய்ய?"

இப்படிப்பட்ட வேளையில் குருவானவரிடம் மக்கள் ஒரு விடையை எதிர்பார்க்கிறார்கள். காலையில் தொலைபேசியில் ஒரு விடையை விரைந்து கொடுத்த எனக்கு, இப்போது வாய் திறக்க அச்சமாக இருந்தது. திருச்சபையின் நிலைப்பாட்டை மட்டும் சொன்னேன். உயிரைக் காக்கத் தகுந்த வழிகளை நாட நமக்குக் கடமை உண்டு. ஆனால் பயனுக்கு ஒவ்வாத பெருஞ்சுமையாகிவிடும் எல்லா வழிகளையும் நாடியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 இல் மயக்க மருந்து நிபுணர்களுக்கு ஆற்றிய உரையிலேயே இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார். பின்னர் வைத்தியரிடம் ஒன்றைக் கேட்கும்படி சொன்னேன்: இப்போது பொருத்தியிருக்கும் இயந்திரம் மீள்வதற்கான வழியா, மீளமுடியாதவரை நிறுத்திவைப்பதா?

மகள் கேட்டார். வைத்தியரின் விடை எனக்கு மறக்காது. பெருமூளை பாதிக்கப்படவில்லை, இன்னும் மூளைத்தண்டு அழுத்தப்படுகிறதே தவிர, அழியவில்லை, அழுத்தத்தை இப்போதே நீக்கினால் நினைவு திரும்ப இடமுண்டு, இன்று இரவே கைவிடும் முடிவுக்கு வரவேண்டாம், குறைந்தது இரண்டு முழு நாட்களாவது பார்ப்போம் என்றார். மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டவர்களைப் பற்றி முதல் மணித்தியாலங்களில் எடுக்கும் அவநம்பிக்கையான முடிவே சிலவேளை மரணத்துக்குக் காரணமாகிவிடுகிறது என்றும் சொன்னார். தாய் பட்டது வேறு, இது வேறு என்று மனைவிக்குப் புரிந்தது. கையொப்பம் இட்டார்.

இரண்டாம் நாள் கண் திறந்தார். நான்காம் நாள் மூச்சுக்குழாயை அகற்றினார்கள். இளவயதினராயிருந்தால் நாளங்களில் பிறவிக் கோளாறு உண்டா என்று இன்னும் விரிவாகத் தேடுவார்களாம். இவருக்கும் நாளங்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வேறு காரணம் எதுவும் தென்படவில்லை. பல ஆண்டுகாலக் குருதி அமுக்கமும் நிறுத்திய மாத்திரைகளுமே போதுமான காரணமாக இருந்தன.

இன்று அவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு வருகிறார். கோப்பையைக் கையில் எடுத்தால் தேநீர் சிந்துகிறது. பேச்சில் இழுவை முழுதும் போகவில்லை. நினைவிலோ நகைச்சுவையிலோ குறைவில்லை. தேறிய பின்னர் ஒருநாள் அந்த வைத்தியரைச் சந்திக்க நானும் உடன் சென்றேன். இரண்டரை மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் இந்தத் தள்ளுவண்டி தேவைப்பட்டிருக்காதா என்று கேட்டேன். "அதை எவராலும் சொல்ல முடியாது" என்றார். அந்த விடையுடன்தான் நான் வாழ்கிறேன். குடும்பத்தினரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தம் இழுவைப் பேச்சில், "பூசையை விட்டுட்டு வந்திருந்தா சனம் உங்களைப் பேசியிருக்கும் சுவாமி" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

அன்பு உறவுகளே, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

திடீரெனத் தலைச்சுற்று வந்து, ஒருவரால் பிடிக்காமல் உட்காரவோ நிற்கவோ நடக்கவோ முடியவில்லை என்றால், கையும் முகமும் சரியாக இருந்தாலும், 911 ஐ அழையுங்கள். எழுப்பிச் சோதித்துப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். விழுந்து தலை அடிபடக்கூடும். ஆங்கிலம் வராவிட்டால் மொழியின் பெயரைச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நம் மாகாணத்தில் சுகாதார அட்டை உள்ளவருக்கு, தேவை கருதி அழைத்த அம்புலன்சுக்குப் பொதுவாக 45 டொலர்தான் கட்டணம். கட்டணத்துக்கோ, அயலவர் பார்ப்பார்கள் என்ற கூச்சத்துக்கோ அஞ்சிக் காரில் ஏற்றிக்கொண்டு அலையவேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் அஸ்பிரின் கொடுக்கவேண்டாம். அடைப்பா, கசிவா என்பது ஸ்கான் எடுக்கும்வரை எவருக்கும் தெரியாது. கசிவாயின் அது தீங்காகும். இஞ்சித் தண்ணீரோ கஞ்சியோ வேண்டாம். விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கலாம். வாந்தி எடுப்பவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வையுங்கள். மாத்திரைப் பெட்டியை எடுத்துச் செல்லுங்கள்.

குருதி அமுக்க மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். அளவு சரியாக இருப்பது மாத்திரை வேலை செய்வதனால். உங்கள் கணவனோ மனைவியோ உண்மையில் அதை எடுக்கிறாரா என்றும் ஒருமுறை பாருங்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்கச் சொன்னால் என்னோடு கோபிக்காதீர்கள்.

நோயுற்றால் எதை விரும்புவீர்கள், எதை விரும்பமாட்டீர்கள் என்று உங்கள் வீட்டாரிடம் இப்போதே பேசுங்கள். "மெஷின் வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த நிலையில் வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. என்னை அழையுங்கள், நள்ளிரவிலும் அழையுங்கள், வருவேன். ஆனால் முதலில் 911, பின்னர் நான். அம்புலன்ஸ் போகும் இடத்துக்கு எண்ணெயுடன் வந்துசேர எனக்கு வழி தெரியும். இனிமேல் நான் பீடத்தில் நிற்கும்போது உங்களில் எவருக்காவது இப்படி நேர்ந்ததென்று அறிந்தால், பூசை சற்றுத் தாமதமாகத் தொடங்கும். அப்போது பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை